இயந்திர முகவர்க்கு எழுதும் உரைநடை

ஆசிரிய கலாசாலையில் யாம் பயிற்சி பெற்ற காலத்தில், பாடக் குறிப்பு எழுதுதற்கு ஓர் அளவுகோல் சொல்லித் தந்தனர். ஆசிரியன் ஒருநாள் வாராதொழிந்தால், அவன் எழுதிய குறிப்பை மட்டும் கையிற் கொண்டு வேறோர் ஆசிரியன் அப்பாடத்தை நடத்த இயலுதல் வேண்டும். இயலாதாயின் அது பாடக் குறிப்பெனப்படாது; எழுதியவன் தன் ஞாபகத்துக்காகக் கிறுக்கியது என்றே கொள்ளப்படும். அவ்வளவுகோலின் அருமையை அக்காலத்தில் யாம் முற்றும் உணர்ந்திலேம். இருபது ஆண்டுகள் கழித்து, மனிதனல்லாத ஒரு வாசகனுக்குக் குறிப்பெழுத நேர்ந்தபோதே உணர்ந்தோம்.

அவ்வாறு நேர்ந்த வரலாறு வருமாறு. இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் சங்கப் பதிவேட்டைச் சீர்செய்யும் பணி தொடங்கிற்று. பதிவேட்டில் உள்ளோருட் பலர் ஊர் மாறியவர்; பலர் நாடு மாறியவர்; சிலர் காலமானவர். புதிய விலாசங்களும் தொலைபேசி இலக்கங்களும் கடிதமாகவும் மின்னஞ்சலாகவும் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. கொழும்பில் மென்பொருட் பொறியியலாளராகக் கடமையாற்றும் எம் பழைய மாணவர் ஒருவர், இவ்வேலையைச் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றினிடம் ஒப்படைக்கலாம் என்றார். அதற்கு வேண்டிய கருவிகளைத் தாம் செய்வதாகவும், ஒவ்வொரு கருவியும் இன்னது செய்யும் என்னும் விளக்கக் குறிப்பை யாம் எழுதித் தரல் வேண்டுமென்றும் கேட்டார்.

"கணினிக்குக் குறிப்பெழுதத் தமிழாசிரியன் எதற்குத் தம்பி?" என்றோம்.

"பதிவேடு தமிழில் இருக்கிறது, சேர். கேட்பவர்களும் தமிழில்தான் கேட்பார்கள். எல்லாவற்றிலும் மேலாக, இதற்கு வேண்டியது கணினி அறிவைவிடத் தெளிவாக எழுதும் பழக்கந்தான்" என்றார்.

அதனை முகமன் என்றே அப்போது எண்ணினோம். உண்மையென்பதைப் பின்னர்க் கண்டோம். கண்டவற்றைப் பழைய மாணவர்க்கும், பயிலும் மாணவர்க்கும், உடன் ஆசிரியர்க்கும் பயன்படுமெனக் கருதி இங்கு எழுதுகின்றோம்.

முகவரும் கருவியும்

மொழி மாதிரி என்பது பெருந்தொகையான எழுத்தைப் பயின்று, தன்முன் வைத்த சொற்களுக்குப் பின் வரத்தக்க சொற்களைத் தொடர்ந்து தருவது. தனித்து நிற்கும் மாதிரி பேசுமேயன்றிச் செயலொன்றுஞ் செய்யாது. பதிவேட்டைத் திறக்கவும் கடிதம் அனுப்பவும் அதற்குக் கையில்லை. கருவிகள் எனப்படுவன அதற்கு நாம் அளிக்கும் கைகள். 'பெயரைத் தேடு', 'விலாசத்தை மாற்று', 'கடிதம் அனுப்பு' என்றாற்போல ஒவ்வொன்றும் ஒரு சிறு மென்பொருட் செய்கை. இவற்றுள் எது வேண்டுமென்று மாதிரியே தெரிந்து, அதற்குரிய விபரங்களை நிரப்பிக் கொடுக்கும். சூழவுள்ள மென்பொருள் அச்செய்கையை முடித்து விளைவைத் திருப்பித் தரும். அதனைப் படித்து, அடுத்துச் செய்வது யாதென மாதிரி துணியும். எடுத்த வேலை முடியுமளவும் இவ்வாறு இயங்குவதையே முகவர் என்கின்றனர். சொல் உயர்திணை ஈறு பெற்றிருப்பினும், பொருள் நோக்கி இதனை அஃறிணையாகவே ஆளுதும்.

2023 யூன் மாதத்தில் ஓப்பின் ஏஐ நிறுவனம் தன் மாதிரிகள் இவ்வாறு செய்கைகளை அழைக்கும் வசதியை மென்பொருள் செய்வோர்க்கு அளித்தது. 2024 நவெம்பரில் அந்த்ரொப்பிக் நிறுவனம் 'மொடல் கொன்ரெக்ஸ்ற் புறொட்டோக்கோல்' என்னும் பொது நியமத்தை வெளியிட்டது. எந்த முகவரும் எந்தக் கருவியோடும் ஒரே முறையில் தொடர்புகொள்ள இது வழிசெய்தது. இந்நியமத்தின்படி கருவியொன்றை முகவர்க்கு அறிமுகஞ் செய்வன தலைமையாக மூன்று. கருவியின் பெயர், அது செய்வதைச் சொல்லும் விளக்கம், கொடுக்க வேண்டிய உள்ளீடுகள் எவை, எவ்வகையின என்னும் அமைப்பு.

முகவர் காண்பது இவ்வளவே. கருவியின் உள்ளே எழுதிய நிரலை அது பொதுவாகக் காண்பதில்லை. செய்தவன் மனத்தில் எண்ணியது யாதென்றும் அறியாது. ஆதலின் மனிதர்க்கு எழுதும் குறிப்பு கருவியின் அருகே கிடப்பது. முகவர்க்கோ அக்குறிப்பே கருவி. குறிப்பு பிழைத்தால் கருவியும் பிழைத்ததேயாம்.

இரு வாசகர்

மனிதர்க்கு எழுதிய குறிப்பிற் குறையிருந்தாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். விளங்காத இடத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டறிவர். வகுப்பறையில் யாம் சொன்னது விளங்காவிடில் மாணவர் கண்களே அதனை அறிவித்துவிடும். உடனே வேறு சொல்லாற் சொல்லுவோம். முகவர்க்கு எழுதுபவனுக்கு இவ்வசதிகள் இல்லை.

முதலாவது, எங்கேனும் எழுதிவைத்து மீளக் கொடுத்தாலன்றி, நேற்று அறிந்ததை இன்று அது அறியாது. ஒவ்வொரு வேலையிலும் குறிப்பைப் புதிதாகவே படிக்கின்றது. இரண்டாவது, அலுவலகத்தில் எல்லோரும் அறிந்து எவரும் எழுதிவையாத வழக்கங்கள் அதற்குத் தெரியா. மூன்றாவதே பெரிது. குறிப்பில் ஓர் இடைவெளி கண்டால், தயங்கி நிற்பதினும் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றால் அதனை நிரப்பிக்கொண்டு மேற்செல்லுதலே அதற்கு இயல்பு. 'ஐயமுற்றால் வினவுக' என்று சொல்லிவைத்தால் பெரும்பாலும் வினவும். சொல்லாவிடின் பெரிதும் ஊகிக்கும். அவ்வூகம் பலமுறை சரியாகவே அமைதலின், பிழைபடும் ஒருமுறை எவர் கண்ணுக்கும் படாமற் போகின்றது.

கருவிக்குக் குறிப்பெழுதுதல் புதிய கலையன்று. 1971 நவெம்பர் 3ஆம் நாளிட்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் யுனிக்ஸ் என்னும் தொகுதிக்கு ஒரு கைந்நூல் வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், அமைப்புச் சுருக்கம், விளக்கம், தொடர்புடையவை என வகுத்தெழுதி, 'வழுக்கள்' என்றொரு பகுதியும் வைத்தனர். தாம் செய்ததன் குறையைத் தாமே அச்சிற் சொல்லிய நேர்மை அது. அரை நூற்றாண்டு கழிந்தும் அவ்வகுப்பு முறை வழக்கிலுள்ளது. முகவர்க்கு எழுதுவோரும் அதனினின்றே தொடங்கலாம். ஆயின் மனித வாசகன் பொறுத்துக்கொள்ளும் குறைகளை இப்புதிய வாசகன் செயலாக மாற்றிவிடுவான் என்பதை மறத்தலாகாது.

எமது முதற் பிழை

யாம் எழுதிய முதற் குறிப்புகளுள் ஒன்று, 'உறுப்பினரின் பதிவைப் புதுப்பிக்கும்' என்பது. சுருக்கமாகவும் தெளிவாகவும் இருப்பதாகவே தோன்றிற்று. மூலப் பதிவேட்டைத் தொடாமல், அதன் பிரதியொன்றில் முகவரை இயக்கிப் பார்த்தோம். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் புதிய தொலைபேசி இலக்கம் அனுப்பியிருந்தார். முகவர் அக்கருவியை அழைத்து, அவருடைய உறுப்பினர் இலக்கத்தையும் புதிய தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தது. 'வெற்றி' என்று விடை வந்தது. பதிவைத் திறந்து பார்த்தபோது தொலைபேசி இலக்கம் இருந்தது. விலாசம் இல்லை, கல்லூரியிற் பயின்ற ஆண்டுகள் இல்லை, விளையாட்டுக் குழுவில் இருந்த குறிப்பும் இல்லை.

நிகழ்ந்தது இதுவே. அக்கருவி, கொடுத்த விபரங்களைக் கொண்டு முழுப் பதிவையும் மாற்றிவைக்கும்படி அமைந்திருந்தது. கொடாத விபரங்கள் வெறுமையாயின. கருவி செய்த மாணவர் அதனை அறிவார். யாம் அறிந்திலேம். முகவர்க்கும் எவரும் சொல்லவில்லை. புதுப்பித்தல் என்னும் சொல்லோ இரண்டிற்கும் இடங்கொடுக்கும். வீட்டைப் புதுப்பிப்பவன் ஓட்டை மாற்றிச் சுவரை இருந்தபடி விடுவான். அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்குமிடத்தோ பழையதை விலக்கிப் புதியதொன்று வழங்குவர். எமது எண்ணம் முன்னையது. கருவியின் செய்கை பின்னையது. இடையில் நின்ற முகவர் சொல்லின் பொதுப்பொருளை நம்பிற்று. நூற் குற்றங்களுள் குன்றக் கூறலை முதலில் வைத்து மாணவர்க்குக் கற்பித்து வந்த யாமே அக்குற்றத்துக்கு ஆளானோம்.

குறிப்பைத் திருத்தி எழுதினோம். 'கொடுக்கும் விபரங்களால் முழுப் பதிவும் மாற்றப்படும். கொடாதவை அழியும். ஆதலின் முதலில் பழைய பதிவை எடுத்துப் படித்து, மாறாத விபரங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்' என்று விரித்தோம். அதனை வாசித்த மாணவர் சற்று நேரம் பேசாதிருந்து, "சேர், இவ்வளவு எச்சரிக்கை எழுத வேண்டியிருந்தால் பிழை கருவியில்தான் இருக்கிறது" என்றார். கொடுத்ததை மட்டும் மாற்றி ஏனையவற்றை இருந்தபடி விடும்படி கருவியையே திருத்தினார். குறிப்பு இரண்டு சிறு வாக்கியங்களாகச் சுருங்கிற்று.

எழுத வருந்தும் இடமே கருவி கோணியிருக்கும் இடம் என்பதை அன்று கற்றோம். பெருநிறுவனங்களும் இதனையே கண்டிருக்கின்றன. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2023 இல், 12 பைதன் மென்பொருட் திட்டங்களிலிருந்து 2,294 சிக்கல்களைத் தொகுத்து, மாதிரிகளின் நிரல் திருத்தும் ஆற்றலை அளக்கும் தேர்வொன்றை அமைத்தனர். அத்தேர்வுக்கு ஒரு முகவரை ஆயத்தஞ் செய்த அனுபவத்தை 2024 டிசெம்பரில் அந்த்ரொப்பிக் நிறுவனத்தார் எழுதினர். மாதிரிக்குச் சொல்லும் பொது அறிவுறுத்தலைக் காட்டிலும் கருவிகளைச் செம்மை செய்வதிலேயே கூடிய நேரம் சென்றது என்றனர். அவர்தம் முகவர், வேலையினூடே ஒரு கோப்புறையிலிருந்து வேறொன்றுக்கு மாறியபின், கோப்புகளை இருக்குமிடத்திலிருந்து சுட்டும் பாதையாற் குறித்துப் பிழைபட்டது. 'கோயிலுக்கு அடுத்த இரண்டாம் வீடு' என்று விலாசம் சொல்லியவன் வேறூர் சென்றும் அதனையே சொல்லுதல் போன்றது இது. எச்சரிக்கைகளைப் பெருக்காது, எப்போதும் முழுப்பாதையையே கொடுக்குமாறு கருவியை மாற்றினர். அதன்பின் அப்பிழை நிகழவில்லை.

சொல்லும் பொருளும்

சொற்களைத் தெரிந்தெடுப்பதில் எமக்குப் பெருந்துணையாக நின்றது பழைய இலக்கணப் பயிற்சியே. தமிழில் உருபுகளைத் தொகுத்துச் சொல்லுதல் அழகு. தலைப்புக்கும் செய்யுளுக்கும் அது பொருந்தும். ஆயின் தொகைநிலைத் தொடரொன்று இரண்டு முதல் ஏழு பொருள்வரை படுதல் உண்டென்று நன்னூலார் காட்டுவர். கருவிக் குறிப்பில் இரண்டு பொருளே பெருந்தீங்கு. 'உறுப்பினர் அறிவித்தல்' என்று ஒரு கருவிக்குப் பெயரிட்டோம். உறுப்பினர்க்கு நாம் அறிவித்தலா? உறுப்பினர் நமக்கு அறிவித்ததைப் பதிதலா? இரண்டாவதற்கென ஆக்கிய கருவியை முதலாவதற்கென முகவர் கையாளத் தொடங்கிற்று. 'உறுப்பினரிடமிருந்து வந்த செய்தியைப் பதிவுசெய்' என உருபு விரித்து எழுதியபின் மயக்கம் தீர்ந்தது. ஓசை குறைந்தது, பொருள் நின்றது.

உள்ளீடுகளின் பெயரும் அவ்வாறே. 'உறுப்பினர்' என்று மட்டும் பெயரிட்டால் அங்கே பெயரை இடுவதா, இலக்கத்தை இடுவதா என்பது தெரியாது. 'உறுப்பினர் இலக்கம்' எனின் ஐயமில்லை. எம்முள் ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் உடையார் பலர் உளர். 'இராச' என்று எழுதுவாரும் 'ராஜ' என்று எழுதுவாரும் ஒருவரே ஆதலும் உண்டு; இருவர் ஆதலும் உண்டு. ஆகவே தேடும் கருவிக்கு, 'ஒருவர்க்கு மேற்பட்டோர் கிடைத்தால் எவரையும் தெரிந்தெடாது, பயின்ற ஆண்டுகளோடு அனைவரையும் காட்டிக் கேட்டவரிடமே வினவுக' என்று எழுதினோம்.

நாளும் அளவும் இன்னொரு பொறி. 03-04-2025 என்பது நம் நாட்டில் ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. எண்களை இடுவதற்கு ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையைச் சர்வதேச நியமமொன்று 1988 முதல் வகுத்து வைத்திருக்கின்றது. அதனையே கொண்டு, 2025-04-03 என்று ஓர் உதாரணத்தையும் எழுதிவைத்தல் நன்று. அளவு பிழைத்தால் விளைவு யாதாகும் என்பதை 1999 செப்டெம்பர் 23 இல் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலம் காட்டிற்று. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்தத்தைப் பவுண் அலகிற் கணித்துத் தந்தது. அதனைப் பெற்ற மென்பொருள் நியூற்றன் அலகென்றே கொண்டது. விண்கலம் அழிந்தது. அலகு யாதென்பது நியமப் பத்திரத்தில் எழுதப்பட்டேயிருந்தது. அதனை ஒரு பகுதியார் கைக்கொள்ளவில்லை. ஆதலின் அலகை எங்கோ ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் போதாது. எண் நிற்கும் இடத்திலேயே, உள்ளீட்டின் பெயரிலேயே அது நிற்றல் வேண்டும்.

உதாரணம் கொடுத்தலிலும் அவதானம் வேண்டும். உறுப்பினர் இலக்கத்துக்கு உதாரணமாக யாம் எழுதிய எண்ணை, இலக்கம் தெரியாதவிடத்து முகவர் ஒருமுறை மெய்யான இலக்கமாகவே எடுத்திட்டது. வகுப்பிலும் உதாரணத்தைப் பார்த்தெழுதும் மாணவர் உளரன்றோ? அதன்பின், எவருக்கும் உரியதாக முடியாத எண்ணையே உதாரணமாக்கினோம். 'இலக்கம் தெரியாவிடின் முதலில் தேடும் கருவியைக் கையாள்க' என்றும் சேர்த்தோம்.

பிழைச் செய்தியும் குறிப்பே

கருவி தன் வேலையைச் செய்ய இயலாதபோது திருப்பிச் சொல்லும் சொற்களைப் பலர் குறிப்பாகக் கருதுவதில்லை. முகவர் அடுத்த அடி வைப்பதோ அதனைப் படித்தே. எமது தேடும் கருவி, அவ்வாறான ஒருவர் இல்லாதபோதும், பதிவேடே திறவாதபோதும், 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்ற ஒரே விடையைத் தந்தது. ஒருநாள் இணைப்பு அறுந்திருந்த வேளையில், நாம் நன்கறிந்த ஒருவரை 'இவர் பழைய மாணவர் அல்லர்' என்று முகவர் அறிவித்தது. அதன் கூற்றில் பொய்யில்லை. கிடைத்த விடையை நம்பியே சொல்லிற்று. இப்போது விடைகள் வெவ்வேறு. 'பதிவேடு திறந்தது, இப்பெயரில் எவரும் இல்லை, எழுத்து வேறுபாட்டோடு மீண்டும் தேடுக' என்பது ஒன்று. 'பதிவேடு திறக்கவில்லை, இதனைக்கொண்டு எந்த முடிவுக்கும் வாராது, பின்னர் முயல்க' என்பது மற்றொன்று. குறையைச் சொல்லும்போதே செய்ய வேண்டியதையும் சொல்லும் செய்தியே நற்செய்தி. விடைத்தாளில் 'பிழை' என்று சிவப்புக் கோடிட்டு விடும் ஆசிரியனுக்கும், பிழை இன்னதென எழுதும் ஆசிரியனுக்கும் உள்ள வேறுபாடே இங்கும்.

நீக்கப்பட்ட பெயர்

இனி யாம் சொல்லப்போவது எம் மனத்தை மிக வருத்திய நிகழ்ச்சி. கருவிகளுள் ஒன்றற்கு, 'செயலற்ற உறுப்பினரை அகற்றும்' என்று குறிப்பெழுதியிருந்தோம். அதே பரீட்சைப் பிரதியில், 'கடிதங்கள் திரும்பி வந்தவர்களுக்கு இனி அனுப்ப வேண்டாம், பட்டியலைச் சுத்தஞ் செய்க' என்று முகவர்க்குச் சொன்னோம். அது விரைவாகச் செய்து முடித்து, இத்தனை பதிவுகள் அகற்றப்பட்டன என்று அறிவித்தது. அகற்றப்பட்டோர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தோம். இடையில் எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியரின் பெயர் இருந்தது. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். காலமாகிப் பல ஆண்டுகள் சென்றன. கடிதம் திரும்பிவந்தது உண்மை. இனி அனுப்பவேண்டாம் என்பதும் உண்மை. ஆயின் அவர் பெயரை இக்கல்லூரியின் ஏட்டிலிருந்து எடுக்குமாறு எவரும் சொல்லவில்லை. 'செயலற்ற' என்று எழுதியபோது யாம் காலமானோரை எண்ணவில்லை. எண்ணாததை எழுதவில்லை. எழுதாததை முகவர் தன் ஊகத்தால் நிரப்பிற்று.

மூலப் பதிவேடு பத்திரமாக இருந்தது. எனினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அந்த ஒரு கருவியை இரண்டாகப் பிரித்தோம். 'கடிதம் அனுப்புதலை நிறுத்து. பதிவு அவ்வாறே இருக்கும்' என்பது ஒன்று. 'காலமானவர் எனக் குறி. பதிவும் நினைவுக் குறிப்பும் நிலைத்திருக்கும்' என்பது மற்றொன்று. பதிவையே அழிக்கும் கருவியை முகவர் கையிற் கொடுக்கவேயில்லை. அது சங்கச் செயலாளரிடம் மட்டும் உள்ளது. மீட்க முடியாத செயலுக்கு எவ்வளவு நல்ல குறிப்பும் போதிய காவலன்று. 2025 யூலையில் அமெரிக்காவில், ஒன்றையும் மாற்றவேண்டாமென்று திட்டமாகச் சொல்லப்பட்டிருந்தும், நிரல் எழுதும் முகவரொன்று நடைமுறையிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்ட நிகழ்ச்சி பலராலும் பேசப்பட்டது. ஆதலின் சொல் வேண்டும். சொல்லின் பின்னே பூட்டும் வேண்டும். மேற்கூறிய பொது நியமமும், கருவி வாசிப்பதற்கு மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று குறித்துக் காட்ட 2025 முதல் இடம் வைத்திருக்கின்றது. ஆயினும் குறித்தல் பூட்டுதல் ஆகாது.

அளவும் நம்பிக்கையும்

இவ்வாறு ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனால் குறிப்பு வளர்ந்து, மிகைபடக் கூறல் என்னும் அடுத்த குற்றத்தில் விழும். மாதிரி ஒரே நேரத்தில் மனங்கொள்ளக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. படிக்கும் ஒவ்வொரு சொற்கூற்றுக்கும் செலவும் உண்டு. பெரும்பாலான மாதிரிகளில், ஒரே பொருளை ஆங்கிலத்திற் சொல்வதிலும் தமிழிற் சொல்வதற்குக் கூடிய கூறுகள் செல்கின்றன. ஆகவே தமிழில் எழுதுவோர்க்குச் சுருக்கம் இரட்டிப்பாக வேண்டும். எதனை விடுவது? கருவியைப் புகழும் அடைமொழிகளை விடுக. கருவி உள்ளே எவ்வாறு இயங்குகின்றது என்பதை விடுக. எதனை வைப்பது? எப்போது கையாள்வது, எப்போது கையாளாதது, எதனைக் கொடுப்பது, எது திரும்பி வரும், எது மாறும், எது மீளாது. ஒன்றையொன்று ஒத்த கருவிகள் பலவிருந்தால் வேறுபாட்டை எழுதுவதிலும் அவற்றை ஒன்றாக்குதல் மேல். கருவி மாறும்போது குறிப்பும் உடன் மாறவேண்டும். இல்லையேல் மாறுகொளக் கூறலாம்.

இன்னொன்றும் உண்டு. முகவர் குறிப்பை நம்பிச் செயற்படுதலின், தீயோர் குறிப்பினுள்ளே மறைவாகக் கட்டளைகளைப் பொதிந்து, அது காணும் இரகசியங்களைக் கவர முயலுதலும் அறியப்பட்டுள்ளது. ஆகவே எங்கிருந்தோ பெற்ற கருவியை, அதன் குறிப்பை முழுதும் வாசியாமல் முகவர் கையிற் கொடுத்தல் ஆகாது.

குறிப்பைச் சோதித்தல்

எழுதியவன் தன் எழுத்தை வாசிக்கும்போது தன் எண்ணத்தையே வாசிக்கின்றான். ஆதலின் குறிப்பைச் சோதிக்கப் பிறர் வேண்டும். பழைய மாணவர் கேட்கக்கூடியவாறே இருபது வேண்டுகோள்களை எழுதி, முகவரிடம் கொடுத்து, அது அழைத்த கருவிகளையும் நிரப்பிய விபரங்களையும் அடிதோறும் வாசித்தோம். முடிவு சரியாக வந்த இடத்திலும் வழி கோணியிருத்தல் கண்டோம். அந்த்ரொப்பிக் நிறுவனத்தார் 2025 செப்டெம்பரில் எழுதிய கட்டுரையிலும் இத்தகைய செய்தி உண்டு. இணையத்தில் தேடும் கருவியை அவர்தம் மாதிரி அழைக்கும்போது, வேண்டாதவிடத்தும் தேடும் சொற்களோடு '2025' என்று சேர்த்து வந்ததாம். கருவியின் விளக்கத்தைத் திருத்தியதன் வாயிலாக அதனை நீக்கினர். அழைப்புகளை வாசித்திராவிடில் அக்குறை புலப்பட்டிராது.

பரீட்சைத் தாள் திருத்தியவர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு மாணவன் ஒரு வினாவிற் பிழைவிட்டால் அவனைத் திருத்துவோம். வகுப்பு முழுதும் ஒரே வினாவில் ஒரே பிழையை விட்டால், அறிவுள்ள ஆசிரியன் தன் வினாத்தாளை எடுத்துப் பார்ப்பான்.

பதிவேட்டு வேலை இப்போது நடந்து வருகின்றது. விழா அழைப்பிதழ் இவ்வாண்டு முன்னரிலும் பலர் கைக்குச் சேர்ந்திருக்கின்றது. தவறிய விலாசங்கள் இன்னும் உள. அவற்றை அறிந்தோர் சங்கத்துக்கு எழுதுவாராக. பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். இயந்திரம் எழுதித் தரும் இக்காலத்தில் கட்டுரைப் பயிற்சி எதற்கு என்று நீங்கள் எம்மைக் கேட்டதுண்டு. இயந்திரம் நாம் எழுதியதைப் படித்துச் செயலாற்றுகின்றது. செயலின் பொறுப்போ எழுதியவனையே சாரும். கருவியை ஆக்குவோர் உங்களுட் சிலராகலாம். தெளிவாக எழுதவேண்டியவர் நீங்கள் அனைவரும். எம் ஆசிரியரின் பெயர் பதிவேட்டில் இப்போது தன் இடத்திலேயே இருக்கின்றது. அதன் அருகே 'காலமானவர். பதிவு நிலைத்திருக்கும்' என்னும் குறிப்பும் உள்ளது. அவர் கற்பித்த இலக்கணமே அக்குறிப்பை எழுதத் துணைநின்றது.